வர்ச்சுவல் ஃபங்ஷன்: க்யூட்டி லைப்ரரி நீங்கள் எழுதிய நிரலை அழைப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே தருகிறேன். (க்யூட்டி என்பது சாளரம், பொத்தான் போன்ற திரை உறுப்புகள் கொண்ட நிரல்களை எழுத உதவும் சி++ லைப்ரரி; அத்தகைய திரை உறுப்பைத்தான் விட்ஜெட் என்கிறோம்.) “சி++ மொழியில் க்யூட்டி லைப்ரரியைக் கற்று வருகிறேன். க்யூவிட்ஜெட் என்ற கிளாஸை அடிப்படையாக வைத்து ‘அளவி’ என்றொரு கிளாஸை எழுதி, அதில் பெயின்ட்ஈவென்ட் என்ற ஃபங்ஷனை எழுதினேன். அதை என் நிரலில் நான் எங்கும் அழைக்கவில்லை. ஆனாலும் அது ஓடுகிறது. அதே கிளாஸில் ஷோ என்ற ஃபங்ஷனையும் எழுதினேன். அது சில இடங்களிலிருந்து அழைத்தால் ஓடுகிறது, சில இடங்களிலிருந்து அழைத்தால் ஓடுவதில்லை. இப்போது க்யூ_ஆப்ஜெக்ட் என்ற மேக்ரோவைச் சேர்த்ததும், விடேபிள் கிடைக்கவில்லை என்று லிங்க்கர் பிழை காட்டுகிறது. மரபுரிமை என்றால் ஏற்கெனவே எழுதிய ஃபங்ஷன்களைத் திரும்ப எழுதாமல் பயன்படுத்திக்கொள்வது என்றுதான் படித்திருக்கிறேன். அப்படியானால் இங்கே நடப்பது என்ன?”

கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற மூன்று குழப்பங்களும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. பாடப்புத்தகம் சொல்லும் விளக்கம் தவறில்லை. ஆனால் அது பாதிதான். அடிப்படைக் கிளாஸில் இருக்கும் ஃபங்ஷனை உங்கள் கிளாஸ் அழைக்கலாம் என்பது அந்தப் பாதி. ஒரு லைப்ரரியைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது எதிர்த்திசையில் நடப்பது: உங்களைப் பற்றியோ உங்கள் கிளாஸைப் பற்றியோ எதுவும் தெரியாமல், பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிக் கம்பைல் செய்து வைக்கப்பட்ட லைப்ரரியின் நிரல், இன்று நீங்கள் எழுதிய ஃபங்ஷனை அழைக்கிறது. அதற்கு வழி செய்வதுதான் வர்ச்சுவல் என்ற சொல். எந்த ஃபங்ஷனுக்கு முன் அது இருக்கிறதோ, அந்த இடத்தில் மட்டுமே லைப்ரரியை எழுதியவர் உங்களுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

இந்த எண்ணம் பழமையானது. ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் கிளாஸ், அதிலிருந்து கிளைக்கும் கிளாஸ், வர்ச்சுவல் என்ற குறிச்சொல் ஆகிய மூன்றும் இருந்தன. பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் 1979இல் பெல் ஆய்வகத்தில் சி மொழியோடு கிளாஸ்களைச் சேர்க்கத் தொடங்கியபோது சிமுலாவைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார். ஆனாலும் வர்ச்சுவல் ஃபங்ஷன்கள் 1983இல்தான் அவருடைய மொழிக்குள் வந்தன. க்யூட்டியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஹோவர்ட் நூர்ட், ஐரிக் சாம்பே-எங் ஆகிய இருவரும் நார்வே நாட்டவர்களே.

இனி பெயின்ட்ஈவென்ட் எப்படி அழைக்கப்படுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். அளவியின் முள் நகர வேண்டும் என்று நீங்கள் அப்டேட் என்ற ஃபங்ஷனை அழைக்கிறீர்கள். அது உடனே எதையும் வரைவதில்லை. வரைய வேண்டும் என்ற கோரிக்கையைப் பதிந்துகொண்டு திரும்பிவிடுகிறது. அடுத்தடுத்துப் பலமுறை அப்டேட்டை அழைத்தாலும் க்யூட்டி அவற்றைச் சேர்த்துப் பெரும்பாலும் ஒரே முறை வரைவது இதனால்தான். நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து ஒவ்வொன்றாகக் கையாளும் ஈவென்ட் லூப்புக்குக் கட்டுப்பாடு திரும்பியதும், லைப்ரரி உங்கள் விட்ஜெட்டின் ஈவென்ட் என்ற ஃபங்ஷனை அழைக்கிறது. அந்த அழைப்பு நடக்கும் இடத்தில் லைப்ரரியின் கையில் இருப்பது, க்யூவிட்ஜெட்டுக்கும் அடிப்படையான க்யூஆப்ஜெக்ட் என்ற கிளாஸ் வகைப் பாயின்டர், அதாவது ஆப்ஜெக்ட்டின் முகவரி மட்டுமே. அளவி என்ற பெயரே அங்கு கிடையாது. ஈவென்ட் வர்ச்சுவல் ஃபங்ஷன் என்பதால் அழைப்பு க்யூவிட்ஜெட் எழுதி வைத்திருக்கும் ஈவென்ட்டுக்குப் போகிறது. அது வந்த நிகழ்வின் வகையைப் பார்த்து, மவுஸ் அழுத்தம் என்றால் மவுஸ்பிரஸ்ஈவென்ட், விசை என்றால் கீபிரஸ்ஈவென்ட், வரைதல் என்றால் பெயின்ட்ஈவென்ட் எனப் பிரித்து அனுப்புகிறது. அந்த பெயின்ட்ஈவென்ட்டும் வர்ச்சுவல். ஆகவே அழைப்பு நீங்கள் எழுதியதில் வந்து நிற்கிறது.

பாயின்டரின் வகை க்யூஆப்ஜெக்ட் என்றிருக்க, ஓட வேண்டியது அளவியின் ஃபங்ஷன் என்று எப்படித் தெரிகிறது? வர்ச்சுவல் ஃபங்ஷன் உள்ள ஒவ்வொரு கிளாஸுக்கும் கம்பைலர் ஓர் அட்டவணை தயாரிக்கிறது, அதுவே விடேபிள். அந்த கிளாஸின் ஒவ்வொரு வர்ச்சுவல் ஃபங்ஷனுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. கட்டத்தில் இருப்பது ஓட வேண்டிய ஃபங்ஷனின் முகவரி. அளவியின் அட்டவணை க்யூவிட்ஜெட்டின் அட்டவணையைப் போலவே அமைந்திருக்கும். நீங்கள் மாற்றி எழுதிய பெயின்ட்ஈவென்ட்டின் கட்டத்தில் மட்டும் உங்கள் ஃபங்ஷனின் முகவரி இருக்கும், நீங்கள் தொடாத மற்ற கட்டங்களில் பழைய முகவரிகளே இருக்கும். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்குள்ளும் தன் கிளாஸின் அட்டவணையைக் காட்டும் மறைவான பாயின்டர் ஒன்று வைக்கப்படுகிறது. ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களில் அது ஆப்ஜெக்ட்டின் தொடக்கத்திலேயே இருக்கும். அழைக்கும்போது அந்தப் பாயின்டரைப் படிப்பது, குறிப்பிட்ட கட்டத்திலிருந்து முகவரியை எடுப்பது, அங்கே தாவுவது என மூன்று வேலைகள். க்யூட்டியைக் கம்பைல் செய்தபோது நிலைப்பட்டது “இத்தனையாவது கட்டத்தை அழை” என்பது மட்டுமே. அந்தக் கட்டத்தில் யார் இருப்பார் என்பது நிரல் ஓடும்போதுதான் முடிவாகிறது. சி++ மொழியின் தர ஆவணம் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று விதிக்கவில்லை. ஆனால் இன்று புழக்கத்தில் உள்ள முக்கியமான கம்பைலர்கள் அனைத்தும் இப்படித்தான் செய்கின்றன.

ஷோ விஷயத்தில் நேர்ந்ததும் இப்போது எளிதில் விளங்கும். க்யூவிட்ஜெட்டில் ஷோ வர்ச்சுவல் அல்ல. அதற்கு அட்டவணையில் கட்டமே இல்லை. அளவி வகைப் பாயின்டர் மூலம் அழைத்தால் கம்பைலர் அளவியின் ஷோவைத் தேர்ந்தெடுக்கும். க்யூவிட்ஜெட் வகைப் பாயின்டர் மூலம் அழைத்தால், உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட் அளவியாகவே இருந்தாலும், க்யூவிட்ஜெட்டின் ஷோதான் ஓடும். முடிவு பாயின்டரின் வகையைப் பார்த்துக் கம்பைல் நேரத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. நீங்கள் செய்தது மாற்றி எழுதுவது அன்று, பழைய பெயரை மறைப்பது மட்டுமே. கிளாஸ்களின் அறிவிப்புகள் உள்ள க்யூட்டியின் ஹெடர் கோப்பைத் திறந்து பாருங்கள்: ஷோவுக்குப் பக்கத்திலேயே செட்விசிபிள் என்ற ஃபங்ஷன் வர்ச்சுவல் என்ற சொல்லோடு நிற்கிறது. காட்டுவது, மறைப்பது என எல்லாப் பாதைகளும் கடைசியில் செட்விசிபிள் வழியாகத்தான் போகின்றன. மாற்ற வேண்டுமானால் அங்கே மாற்றுங்கள் என்பதே அதன் பொருள். விட்ஜெட் திரையில் தோன்றும்போது ஒரு வேலை நடக்க வேண்டும் என்பது மட்டுமே உங்கள் தேவையானால், ஷோஈவென்ட் என்ற வர்ச்சுவல் ஃபங்ஷன் இன்னும் பொருத்தமானது. ஒரு லைப்ரரி கிளாஸிலிருந்து உங்கள் கிளாஸை உருவாக்கும் முன் அதன் ஹெடரில் எவையெல்லாம் வர்ச்சுவல் என்று ஒருமுறை பார்த்துவிடுவதை நான் வலியுறுத்திச் சொல்வேன். எடுத்துக்காட்டு நிரல்களைப் படிப்பதைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

இதைவிடக் கெட்ட ஒரு நிலைமை உண்டு: அடிப்படைக் கிளாஸில் ஃபங்ஷன் வர்ச்சுவலாகவே இருக்கும், நீங்களும் அதே பெயரில் எழுதியிருப்பீர்கள், ஆனாலும் அழைப்பு உங்களிடம் வராது. மாற்றி எழுதியதாகக் கணக்கில் வர வேண்டுமானால் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. அளபுருக்களின் வகைகளும், இறுதியில் வரும் கான்ஸ்ட் என்ற சொல்லும்கூடப் பொருந்த வேண்டும். சைஸ்ஹின்ட் என்ற ஃபங்ஷன் க்யூவிட்ஜெட்டில் கான்ஸ்ட்டோடு அறிவிக்கப்பட்டுள்ளது. நீங்கள் கான்ஸ்ட் இல்லாமல் எழுதினால் அது வேறொரு புதிய ஃபங்ஷன். விட்ஜெட்டுகளை அடுக்கி வைக்கும் லேஅவுட் அதை ஒருபோதும் கேட்காது. உங்கள் விட்ஜெட் சுருங்கிப்போய்க் கிடக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதற்கென்றே 2011ஆம் ஆண்டின் சி++ தரத்தில் ஓவர்ரைடு என்ற சொல் சேர்க்கப்பட்டது. ஃபங்ஷன் அறிவிப்பின் இறுதியில் அதை எழுதிவிட்டால், அடிப்படைக் கிளாஸில் அப்படியே பொருந்தும் வர்ச்சுவல் ஃபங்ஷன் இல்லாதபோது கம்பைலர் நிரலை ஏற்க மறுத்துவிடும்.

அதன் அருமை க்யூட்டி 5இலிருந்து க்யூட்டி 6க்கு மாறியபோது வெளிப்பட்டது. ஐந்தாம் பதிப்பில் என்டர்ஈவென்ட் என்ற ஃபங்ஷன் க்யூஈவென்ட் வகைப் பாயின்டரைப் பெற்றுக்கொண்டது. 2020 டிசம்பரில் வெளியான ஆறாம் பதிப்பில் அது க்யூஎன்டர்ஈவென்ட் வகைப் பாயின்டராக மாற்றப்பட்டது. பழைய நிரலில் ஓவர்ரைடு எழுதியிருந்தவர்களுக்குக் கம்பைலர் வரியைச் சுட்டிக் காட்டிவிட்டது. எழுதாதவர்களின் நிரல் பிழையின்றிக் கம்பைல் ஆகி ஓடியது. ஆனால் மவுஸ் விட்ஜெட்டுக்குள் நுழையும்போது நடக்க வேண்டியது மட்டும் நடக்கவில்லை. எனவே மாற்றி எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் ஓவர்ரைடு இருக்கட்டும், விதிவிலக்கே வேண்டாம்.

மூன்றாவதாக, கம்பைல் ஆன கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்க்கர் காட்டிய பிழை. விடேபிளை எந்தக் கோப்பைக் கம்பைல் செய்யும்போது உருவாக்குவது என்பதில் ஜிசிசியும் கிளாங்கும் ஒரு விதியைப் பின்பற்றுகின்றன: கிளாஸில், வெற்று வர்ச்சுவலாக (உடற்பகுதி தரப்படாததாக) இல்லாமலும் இன்லைனாக (கிளாஸுக்குள்ளேயே உடற்பகுதி எழுதியது போன்றதாக) இல்லாமலும் முதலில் வரும் வர்ச்சுவல் ஃபங்ஷனின் உடற்பகுதி எந்தக் கோப்பில் உள்ளதோ, அங்கேதான் விடேபிளும் பிறக்கும். க்யூ_ஆப்ஜெக்ட் மேக்ரோ உங்கள் கிளாஸுக்குள் மெட்டாஆப்ஜெக்ட் முதலிய சில வர்ச்சுவல் ஃபங்ஷன்களை அறிவித்துவிடுகிறது. வழக்கமாக அது கிளாஸின் முதல் வரியிலேயே இருப்பதால், மேற்சொன்ன முதல் ஃபங்ஷன் என்ற இடம் மெட்டாஆப்ஜெக்ட்டுக்குப் போய்விடுகிறது. அதன் உடற்பகுதியை எழுதுவது நீங்கள் அல்ல. மோக் என்ற க்யூட்டியின் துணைக் கருவி உங்கள் ஹெடரைப் படித்துத் தனிக் கோப்பாக எழுதித் தர வேண்டும். மோக் ஓடவில்லையென்றால் உடற்பகுதி இல்லை, உடற்பகுதி இல்லையென்றால் விடேபிளும் இல்லை. நீங்கள் மேக்ரோவைப் பின்னால் சேர்த்ததாகச் சொல்வதால், நிரலைக் கட்டமைக்க கியூமேக் என்ற கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதை மறுபடி ஓட்டுங்கள். சிமேக் என்றால் ஆட்டோமோக் இயங்கும்படி அமைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கிளாஸை ஹெடரில் எழுதாமல் சிபிபி கோப்புக்குள்ளேயே எழுதியிருந்தால், அந்தக் கோப்பின் இறுதியில் மோக் உருவாக்கும் கோப்பையும் இன்க்ளூட் செய்ய வேண்டும்.

நீங்கள் கேட்காத, ஆனால் விரைவில் எதிர்கொள்ளப்போகும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். க்யூட்டியில் பேரன்ட் என்ற சொல்லைக் கண்டு குழம்பாதீர்கள். அடிப்படைக் கிளாஸ் என்பது கிளாஸ்களுக்கு இடையிலான உறவு. பேரன்ட் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட்டுகளுக்கு இடையிலான உறவு. ஒரு சாளரத்துக்குள் பத்து பொத்தான்கள் இருந்தால் சாளரம் அவற்றுக்குப் பேரன்ட்; பொத்தானின் கிளாஸ் சாளரத்தின் கிளாஸிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. பேரன்ட் அழியும்போது தன்னிடம் உள்ள சைல்டு ஆப்ஜெக்ட்டுகளையும் அழிக்கிறது. அது வைத்திருக்கும் பட்டியல் க்யூஆப்ஜெக்ட் வகைப் பாயின்டர்களின் பட்டியல்தான்; ஆனாலும் அளவியின் டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) சரியாக ஓடுகிறது, ஏனெனில் க்யூஆப்ஜெக்ட்டின் டிஸ்ட்ரக்டர் வர்ச்சுவல். நீங்கள் சொந்தமாக ஓர் அடிப்படைக் கிளாஸை எழுதி, அந்த வகைப் பாயின்டர் மூலம் டிலீட் செய்யும் வாய்ப்பு இருந்தால், அதன் டிஸ்ட்ரக்டரையும் வர்ச்சுவலாக எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உறுதியும் தருவதில்லை. சி++ நிலையான லைப்ரரியின் ஸ்ட்ரிங், வெக்டர் ஆகியவற்றின் டிஸ்ட்ரக்டர்கள் வர்ச்சுவல் அல்ல. அவற்றை அடிப்படைக் கிளாஸாகக் கொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுவதற்கு இது முதன்மையான காரணம்.

ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டருக்குள் வர்ச்சுவல் ஃபங்ஷனை அழைத்தால் நீங்கள் எதிர்பார்ப்பது நடக்காது. அளவி ஆப்ஜெக்ட் உருவாகும்போது முதலில் க்யூஆப்ஜெக்ட்டின் பகுதியும், பின்னர் க்யூவிட்ஜெட்டின் பகுதியும், கடைசியில் அளவியின் பகுதியும் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு படியிலும் மறைவான பாயின்டர் அந்தந்தக் கிளாஸின் அட்டவணையையே காட்டுகிறது. ஆகவே க்யூவிட்ஜெட்டின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும் வேளையில் அந்த ஆப்ஜெக்ட் இன்னும் அளவி ஆகவில்லை. அங்கிருந்து செய்யும் வர்ச்சுவல் அழைப்பு அளவிக்கு வராது. இது குறையல்ல, பாதுகாப்பு: அளவியின் உறுப்பு மாறிகள் எதற்கும் மதிப்பு அமையாத நேரத்தில் அளவியின் ஃபங்ஷன் ஓடுவது ஆபத்து. ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் அழைப்பு வழித்தோன்றல் கிளாஸுக்கே போய்விடும் என்பதால், அந்த மொழிகளிலிருந்து வருபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். க்யூட்டியில் இதன் நேரடி விளைவு ஒன்று உண்டு. பேரன்ட்டைக் குறிப்பிட்டு ஒரு விட்ஜெட்டை உருவாக்கும்போது, பேரன்ட்டுக்கு சைல்டுஈவென்ட் மூலம் தகவல் வரும் நேரத்தில் புதிய ஆப்ஜெக்ட் முழுமையாக உருவாகியிருக்காது. அந்தக் கணத்தில் அதை க்யூஆப்ஜெக்ட்டாகவும், இஸ்விட்ஜெட்டைப் என்ற ஃபங்ஷன் ஆம் என்று சொன்னால் க்யூவிட்ஜெட்டாகவும் மட்டுமே நம்பலாம். அளவியாக மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

மாற்றி எழுதும்போது அடிப்படைக் கிளாஸின் ஃபங்ஷனையும் அழைக்க வேண்டுமா என்பது ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டியது. க்யூவிட்ஜெட்டின் பெயின்ட்ஈவென்ட்டை அழைக்காவிட்டாலும் ஒன்றும் கெடாது. ஆனால் ஒற்றை வரி உரைப்பெட்டியான க்யூலைன்எடிட் கிளாஸிலிருந்து ஒரு கிளாஸை உருவாக்கி, என்டர் விசையை மட்டும் பிடிப்பதற்காக கீபிரஸ்ஈவென்ட்டை மாற்றி எழுதிவிட்டு, மற்ற விசைகளை அடிப்படைக் கிளாஸின் கீபிரஸ்ஈவென்ட்டுக்கு அனுப்ப மறந்தால், அந்தப் பெட்டியில் ஓர் எழுத்தைக்கூடத் தட்ட முடியாது. தட்டச்சை எழுத்தாக்கும் வேலை முழுவதும் நீங்கள் மாற்றிய ஃபங்ஷனில்தான் இருந்தது. க்யூவிட்ஜெட்டின் கீபிரஸ்ஈவென்ட் தனக்கு வேண்டாத விசையைப் பேரன்ட்டுக்குப் போகும்படி விட்டுவிடுகிறது. அதை அழைக்காமல் விட்டால் பேரன்ட்டில் நீங்கள் எழுதிய குறுக்குவிசைகள் வேலை செய்யாமல் போவதும் உண்டு.

எல்லாவற்றையும் வர்ச்சுவலாக்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வினாடிக்கு 60 முறை அழைக்கப்படும் பெயின்ட்ஈவென்ட்டில் அட்டவணை பார்க்கும் செலவு கணக்கில் எடுக்கத் தக்கதே அன்று. ஆனால் க்யூபாயின்ட் போன்ற சிறிய கிளாஸைப் பாருங்கள்: இரண்டு முழு எண்கள், மொத்தம் 8 பைட். அதில் ஒரே ஒரு வர்ச்சுவல் ஃபங்ஷன் இருந்தாலும், 64 பிட் கணினியில் மறைவான பாயின்டருக்கு இன்னும் 8 பைட் சேர்ந்து அளவு இரட்டிப்பாகிவிடும். பத்து லட்சம் புள்ளிகள் உள்ள வரைபடம் 8 மெகாபைட்டுக்குப் பதில் 16 மெகாபைட் நினைவகத்தை எடுக்கும். க்யூபாயின்ட், க்யூரெக்ட், க்யூஸ்ட்ரிங் போன்றவற்றில் வர்ச்சுவல் ஃபங்ஷனே இல்லாமல் எழுதியிருப்பது நன்கு யோசித்துச் செய்த முடிவு.

வேறொரு காரணம் லைப்ரரியை எழுதுபவர்களுக்கு இன்னும் முக்கியமானது. க்யூட்டி ஒரே முதன்மைப் பதிப்புக்குள், முன்பு கம்பைல் செய்த நிரல் மறுபடி கம்பைல் செய்யாமலேயே புதிய லைப்ரரியோடு ஓடும் என்று உறுதியளிக்கிறது. பலரும் தங்கள் கிளாஸ்களை உருவாக்கிக்கொண்டிருக்கும் க்யூவிட்ஜெட்டில் புதிதாக ஒரு வர்ச்சுவல் ஃபங்ஷனைச் சேர்த்தால், அதிலிருந்து வந்த கிளாஸ்களின் அட்டவணைகளில் கட்டங்களின் இடம் மாறிவிடும். பழைய நிரல் தவறான கட்டத்தை அழைக்கும். ஈவென்ட் என்ற ஒரே வர்ச்சுவல் ஃபங்ஷன் எல்லா வகை நிகழ்வுகளையும் முதலில் வாங்கிப் பிரித்தனுப்பும் அமைப்பு இங்கே கைகொடுக்கிறது: புதிய வகை நிகழ்வு ஒன்று வந்தாலும் அட்டவணையைத் தொடாமல், ஈவென்ட்டுக்குள்ளேயே அதைக் கவனித்துக்கொள்ளலாம். தனி ஃபங்ஷன் இல்லாத நிகழ்வைப் பிடிக்க நீங்களும் ஈவென்ட்டையே மாற்றி எழுதலாம். கவனிக்காத வகைகளை அடிப்படைக் கிளாஸின் ஈவென்ட்டுக்குத் தவறாமல் அனுப்பிவிடுங்கள்.

நன்றாக வடிவமைத்த மரபுரிமையைப் பார்க்க விரும்பினால், வரையத் தக்க எல்லாவற்றுக்கும் அடிப்படையான க்யூபெயின்ட்டிவைஸ் என்ற கிளாஸைப் படியுங்கள். க்யூவிட்ஜெட், க்யூஇமேஜ், க்யூபிக்ஸ்மேப், பிடிஎஃப் எழுதும் க்யூபிடிஎஃப்ரைட்டர் ஆகிய அனைத்தும் அதிலிருந்து வந்தவை. அதில் பெயின்ட்எஞ்சின் என்ற ஃபங்ஷன் வெற்று வர்ச்சுவல், அதாவது அடிப்படைக் கிளாஸ் அதற்கு உடற்பகுதி தருவதில்லை. அதை எழுதித் தராத எந்த வழித்தோன்றல் கிளாஸிலிருந்தும் ஆப்ஜெக்ட்டை உருவாக்கக் கம்பைலர் விடாது. வரையும் வேலையைச் செய்யும் க்யூபெயின்ட்டர் தன்னிடம் தரப்பட்டது திரையா, படமா, காகிதமா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பெயின்ட்எஞ்சினை வாங்கிக்கொண்டு வரையத் தொடங்குகிறது. ஆகவே அளவியின் முள்ளையும் தட்டையும் வரையும் வரிகளை பெயின்ட்ஈவென்ட்டுக்குள்ளேயே எழுதாமல், க்யூபெயின்ட்டரைப் பெற்றுக்கொள்ளும் தனி ஃபங்ஷனாகப் பிரித்துவிடுங்கள். அது வர்ச்சுவலாக இருக்கத் தேவையில்லை. பெயின்ட்ஈவென்ட் அதை அழைக்கட்டும்; நாளை அதே அளவியைப் பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்கச் சொன்னால், க்யூபிடிஎஃப்ரைட்டரின் மேல் ஒரு க்யூபெயின்ட்டரைத் திறந்து அதே ஃபங்ஷனை அழைத்தால் போதும்.